நோஹாரா வீட்டுப் பெரியவர்கள்: ‘ஷின்சான்’ தொடரை வளர்ந்தபின் பார்த்தல்

ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில், தோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் கசுகாபே என்ற ஊர் இருக்கிறது. ‘கிரேயான் ஷின்சான்’ கார்ட்டூனில் வரும் நோஹாரா குடும்பம் குடியிருப்பது இந்த ஊரில்தான். குடும்பத் தலைவர் ஹிரோஷிக்கு வயது 35. தோக்கியோவின் கசுமிகசேகி பகுதியில் உள்ள ஒரு வணிக நிறுவனத்தில் சிறு பிரிவொன்றுக்குப் பொறுப்பாளர். மனைவி மிசாயேவுக்கு 29. மகன் ஷின்னோசுகேக்கு ஐந்து வயது; மழலையர் பள்ளியில் படிக்கிறான். அவனைத்தான் உலகம் ஷின்சான் என்று அறிந்திருக்கிறது. தங்கை ஹிமாவாரி இன்னும் பேச்சு வராத கைக்குழந்தை. யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து விட்டுப்போன வெள்ளை நாய்க்குட்டி ஷிரோ, வாசலில் கட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஒளிபரப்பானபோது பெற்றோரின் பெயர்கள் ஹாரி, மிட்சி என்று மாறின. பெயர் மாறியதே தவிர, ஆட்கள் மாறவில்லை.

இந்தத் தொடரைச் சிறுவயதில் பார்த்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மகனைப் பற்றியே சொல்வார்கள். இழுத்து இழுத்துப் பேசும் குரல், பெரியவர்களை மடக்கும் கேள்விகள், கால்சட்டையைக் கழற்றிவிட்டு ஆடும் ஆட்டம், தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல். வேறு எந்த வீட்டிலும் முதுகில் இரண்டு வைத்திருப்பார்கள் என்ற எண்ணமே அந்தச் சிரிப்பில் பாதி. அதே தொடரை இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவரின் கண் வேறு ஆட்கள்மேல் போகிறது. மகன் ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் சமையலறையில் நிற்பவள் யார், கடைசி ரயிலில் வந்து இறங்குபவர் யார் என்பதில் மனம் தங்குகிறது. இப்படித் தங்குவதற்குப் பார்ப்பவரின் வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தொடரின் பிறப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

யோஷிதோ உசுயி என்ற ஓவியர் இந்தக் கதையை மங்காவாக, அதாவது சித்திரக்கதையாக, தொடங்கியது 1990 ஆகஸ்டில். வெளியான இடம் ‘வீக்லி மங்கா ஆக்‌ஷன்’. அது சிறுவர் இதழன்று. வேலைக்குப் போகும் ஆண்கள் ரயிலில் புரட்டுவதற்காக நடத்தப்பட்ட வார இதழ். அதே இதழில் அதற்கு முன் உசுயி, ஒரு பல்பொருள் அங்காடியின் ஊழியர்களை வைத்து நகைச்சுவைத் தொடர் வரைந்துவந்தார். அதில் வந்த ஒரு பாத்திரத்திலிருந்துதான் ஷின்னோசுகேயின் உருவம் கிளைத்தது. அப்படியானால் முதல் வாசகர் யார்? முப்பதுகளில் இருந்த, திருமணமான, மாதச் சம்பளக்காரர். அவருக்கு ஷின்னோசுகே தன் வீட்டில் ஓடித் திரியும் பிள்ளையின் மிகைப்படுத்திய வடிவம். அந்தக் கதையில் அவர் தம்மைக் கண்டுகொண்டது ஹிரோஷியிடம்.

1992 ஏப்ரலில் அசாஹி தொலைக்காட்சி இதை உயிரோவியத் தொடராக்கியது. அதன்பிறகு பார்வையாளர்கள் தலைகீழாக மாறினார்கள். பெரியவர்களுக்கு எழுதியதைக் குழந்தைகள் கைப்பற்றினார்கள். பெரியவர்கள் அதைக் கண்டு பதறினார்கள். ஜப்பானின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு நடத்திய கருத்துக் கணிப்புகளில், பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று பெற்றோர் நினைக்கும் நிகழ்ச்சிகளின் வரிசையில் ‘ஷின்சான்’ பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. இந்தியாவிலும் இதே கதைதான். 2006-இல் ஹங்காமா தொலைக்காட்சி வழியாக வந்த தொடர், 2008-இல் எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டு, பின்னர் பல காட்சிகள் வெட்டப்பட்டுத் திரும்பியது. பதறிய பெற்றோர் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. திரையில் அவர்களைப் போலவே பதறிக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள்.

முதலில் மிசாயே. அவளுடைய காலைப்பொழுது தொடரில் திரும்பத் திரும்ப வரும். மழலையர் பள்ளிப் பேருந்து வாசலுக்கு வரும் நேரத்தில் மகன் கழிவறையில் இருப்பான், அல்லது சோற்றுக் கிண்ணத்தின் முன் கனவு கண்டுகொண்டிருப்பான். பேருந்து போய்விடும். அவனைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போவாள். குழந்தைக்கு இது துரத்தல் காட்சி. வளர்ந்தவருக்கோ அந்தச் சைக்கிள் வீடு திரும்பியபின் அவளுக்குக் காத்திருக்கும் வேலைகளும் தெரியும்: துணி, பாத்திரம், கைக்குழந்தையின் அழுகை, விளம்பரத் தாளில் வட்டமிட்டு வைத்த தள்ளுபடி விற்பனை.

உசுயி அவளைத் தியாகத் திருவுருவமாக வரையவில்லை. அங்கேதான் இந்தப் பாத்திரத்தின் சிறப்பு இருக்கிறது. அவள் மதியம் தொலைக்காட்சிக்கு முன் படுத்துத் தூங்குவாள். எடை குறைப்பதாகச் சபதம் செய்து மாலைக்குள் முறிப்பாள். மலிவு என்ற ஒரே காரணத்துக்காகத் தேவையில்லாததை வாங்கி வருவாள். கணவனுக்குத் தெரியாமல் சிறுவாடு சேர்த்து அலமாரிச் சந்துகளில் ஒளித்துவைப்பாள். அதை மகன் கண்டுபிடித்துவிடுவான். மலச்சிக்கல்கூட அவளுடைய நகைச்சுவைகளில் ஒன்று. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்களில் தாய்மார்கள் பெரும்பாலும் உடம்பில்லாதவர்கள். அன்பும் உணவும் வழங்கும் குரல்கள். மிசாயேவுக்கு உடம்பு உண்டு, அலுப்பு உண்டு, தனக்கென்று ஒரு ஆசை உண்டு. 29 வயது என்பது சிறுவயதுப் பார்வையாளருக்கு மூப்பின் எண்ணாகத் தோன்றியிருக்கும். 2006-இல் எட்டு வயதாக இருந்த குழந்தை 2027-இல் அந்த வயதை எட்டும். அப்போது முதல்முறையாகத் தெரியவரும், இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டில் தனியாக நின்றவள் எவ்வளவு இளையவள் என்பது.

ஹிமாவாரியின் வருகையையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். தொலைக்காட்சித் தொடரில் அவள் பிறந்தது 1996-இல். அதுவரை தாய்க்கும் மகனுக்குமான மல்லுக்கட்டாக இருந்த கதை, அதன்பின் குடும்பக் கதையாக அகலமானது. அண்ணனான பிறகு ஷின்னோசுகே திருந்திவிடவில்லை. பொறாமைப்பட்டான், தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் விளையாடப் போனான், பிறகு அவளைக் காணவில்லை என்றதும் வெலவெலத்துப்போனான். கைக்குழந்தையாக இருந்தும் ஹிமாவாரிக்குப் பளபளக்கும் நகைமீதும் அழகான ஆண்கள்மீதும் மையல். தாயின் சாயலும் அண்ணனின் சாயலும் ஒரே குழந்தையில் கலந்து வந்ததை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

ஹிரோஷியைப் பற்றிச் சற்று நின்றே பேச வேண்டும், ஏனென்றால் காலம் அவரைப் போல வேறெந்தப் பாத்திரத்தையும் மாற்றிப் படித்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் நகைப்புக்குரியவர். சாக்ஸின் நாற்றம் எதிரிகளை மயக்கமடையச் செய்யும். சம்பளத்தை முழுதாக மனைவியிடம் கொடுத்துவிட்டு மாதச் செலவுக்குக் கைக்காசு வாங்கிக்கொள்வார்; ஜப்பானியச் சம்பளக்காரக் குடும்பங்களில் இது பரவலான வழக்கம். வீட்டுக் கடன் இன்னும் 32 ஆண்டுகள் பாக்கி என்பது தொடரில் ஓயாமல் வரும் வேடிக்கை. தினமும் தோபு ரயில் பாதையில் ஏறி, நகரின் ஹிபியா சுரங்கப் பாதையோடு இணையும் வண்டியில் நின்றுகொண்டே கசுமிகசேகி போய்த் திரும்ப வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் ஒரு பீர். அவ்வளவுதான் அவருடைய உல்லாசம்.

இதில் ஒளிந்திருக்கும் பொருளாதாரத்தை அன்றைய வாசகர் விளக்கமில்லாமலே அறிந்திருந்தார். ஜப்பானின் பங்குச் சந்தை 1989 டிசம்பர் கடைசியில் உச்சத்தைத் தொட்டது. தொடர் தொடங்கிய 1990-இல் சரிந்துகொண்டிருந்தது. நிலத்தின் விலை அதைப் பின்தொடர்ந்து இறங்கியது. தோக்கியோவுக்குள் வீடு வாங்க முடியாதவர்கள் சைத்தாமா, சிபா போன்ற சுற்றுப்புற மாகாணங்களில், நெடுங்கடன் வாங்கி வீடு கட்டினார்கள். ஹிரோஷி அந்தக் கூட்டத்தில் ஒருவர். இருந்தவற்றுள் எளிய வாழ்க்கை என்று கருதப்பட்டதைத்தான் அவர் வாழ்ந்தார்.

பிறகு முப்பது ஆண்டுகள் போயின. நிரந்தர வேலை அரிதானது. ஒப்பந்த வேலைகள் பெருகின. பலர் மணம் செய்வதையே தள்ளிப்போட்டார்கள். இன்றைய ஜப்பானிய இளைஞருக்கு ஹிரோஷியின் கணக்கு வேறு மாதிரிப் படிகிறது: 35 வயதில் தலைநகரில் நிரந்தர வேலை, மாடியும் தோட்டமும் உள்ள சொந்த வீடு, கார், வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். ஏளனத்துக்கென்று எழுதப்பட்ட மனிதர் இப்போது எட்டாத உயரத்தில் இருப்பவராகப் பேசப்படுகிறார். திரையில் ஒரு கோடுகூட மாறவில்லை என்பதை நினைத்தால் இது கசப்பான வேடிக்கை. அவர் மதிய உணவுக்கு எங்கே போகிறார், கைக்காசுக்குள் என்ன சாப்பிடுகிறார் என்பதை மட்டுமே வைத்துத் தனியாக ஒரு மங்கா தொடரும் வெளிவந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் கதையாகப் பெயர் வாங்கிய ஒன்றில் தந்தையின் சாப்பாட்டு இடைவேளைக்கு வாசகர்கள் கிடைத்தார்கள் என்றால், வளர்ந்துவிட்ட பார்வையாளர்கள் எந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள் என்பது தெரிகிறது.

இந்த நகர்வைத் தொடரே ஒருமுறை முன்கூட்டிப் பேசிவிட்டது. 1993 முதல் ஆண்டுதோறும் வரும் திரைப்படங்களில் ஒன்பதாவது 2001-இல் வெளியானது. இயக்கியவர் கெய்ச்சி ஹரா. கசுகாபேயில் இருபதாம் நூற்றாண்டுக் கண்காட்சி என்று ஒரு பூங்கா திறக்கிறார்கள். உள்ளே ஐம்பது, அறுபதுகளின் தெருக்கள், பழைய கார்கள், சிறுவயதில் பார்த்த தொலைக்காட்சி நாயகர்கள். பெரியவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள். பிள்ளைகள் சலித்துப்போய்க் காத்திருக்கிறார்கள். ஒருநாள் காலையில் ஊரில் உள்ள தாய் தந்தையர் எல்லாம் குழந்தைகளைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். சமைப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிவதில்லை. பழங்காலத்தின் மணத்தைப் பரப்பி மனிதர்களை இறந்தகாலத்தில் அடைத்துவைக்க ஒரு கூட்டம் திட்டமிட்டிருக்கிறது.

ஷின்னோசுகே தன் தந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது ஹிரோஷி சிறுவனாகிவிட்டிருக்கிறார். 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில், அமெரிக்கக் கூடத்தில் வைத்திருந்த நிலாக்கல்லைப் பார்க்க முடியவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறார். மகன் என்ன செய்கிறான்? தந்தையின் காலணியைக் கழற்றி அவர் மூக்கிலேயே வைக்கிறான். ஆண்டுக்கணக்கில் பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே நாற்றம். அந்த நாற்றத்தின் வழியாக, ஒரு வசனமும் இல்லாமல், இசை மட்டும் ஒலிக்க, ஹிரோஷியின் வாழ்க்கை ஓடுகிறது. அகித்தா மாகாணத்தின் வயல்வெளியில் தந்தையின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து போன சிறுவன், முறிந்துபோன முதல் காதல், தோக்கியோவுக்கு வந்து இறங்கிய இளைஞன், அலுவலகத்தில் வாங்கிய வசவு, மிசாயே, மகன் பிறந்த நாள், கொளுத்தும் வெயிலில் வியாபாரத்துக்காக நடந்த தெருக்கள், நெரிசல் வண்டி, கதவைத் திறந்ததும் எதிர்ப்பட்ட முகங்கள். அந்தக் காலணி நாறுவது அவர் நடந்ததால். கேலிக்கு என்று வைத்த ஒன்றை ஒன்பதாண்டு கழித்து உழைப்பின் சான்றாகத் திருப்பிப்போட்டது இந்தத் தொடர் முழுவதிலும் ஆகச் சிறந்த காட்சி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. படம் வெளியானபோது குழந்தைகளை அழைத்துவந்த பெற்றோர் அரங்கில் அழுததாகப் பேசப்பட்டது வியப்பில்லை.

இந்தப் படத்தை இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டும். பழைய கார்ட்டூனைத் திரும்பப் பார்ப்பதே இறந்தகாலத்தின் மணத்தை நாடிப் போகும் செயல்தானே? கெய்ச்சி ஹரா அந்த மணத்தை வெறுக்கவில்லை. கண்காட்சிக்குள் இருக்கும் மாலைநேரத் தெருவை அத்தனை அழகாகத் தீட்டியிருக்கிறார், அங்கேயே தங்கிவிட்டால் என்ன என்று பார்ப்பவருக்கும் தோன்றும். அந்தக் கூட்டத்தின் தலைவன் கென், ஹிரோஷியிடம் அவருடைய வாழ்க்கை அற்பமானது என்கிறான். ஹிரோஷி அதை மறுத்து, குடும்பம் இருப்பதன் மகிழ்ச்சியை உனக்கும் பங்கு கொடுக்க ஆசையாக இருக்கிறது என்ற பொருளில் பதில் சொல்கிறார். பிறகு அந்தத் திட்டத்தைத் தடுக்க நால்வரும் நாயும் ஒரு கோபுரத்தின் படிகளில் ஓடுகிறார்கள். ஒவ்வொருவராக வழியில் பின்தங்கி எதிரிகளைத் தடுக்க, கடைசியில் ஐந்து வயதுப் பையன் மட்டும் மூக்கில் ரத்தம் வழிய உச்சியை நோக்கி ஏறுகிறான். பெரியவனாக வேண்டும் என்பதே அவன் விருப்பம். பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக்கும் ஒரு கதையில் பெரியவனாக ஆசைப்படுபவன் சிறுபிள்ளை மட்டுமே.

2014-இல் வந்த படமும் தந்தையைப் பற்றியதே. இடுப்புப் பிடிப்புக்கு மருந்து தேடிப் போன ஹிரோஷி இயந்திர மனிதராகத் திரும்புகிறார். பாத்திரம் கழுவுகிறார், பிள்ளையோடு சலிக்காமல் விளையாடுகிறார், களைப்பதே இல்லை. பின்னால் தெரியவருகிறது, அவர் நினைவுகள் மட்டும் பதிவுசெய்யப்பட்ட நகல். உண்மையான ஹிரோஷி வேறிடத்தில் அடைபட்டிருக்கிறார். குறையில்லாத தந்தையா, களைத்துப்போகும் தந்தையா என்ற கேள்வியை முடிவில் இருவரும் கைமல்யுத்தத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள். படத்தின் நடுப்பகுதி நீளம். முடிவு அதைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறது.

இந்தக் குடும்பத்தின் அமைப்பை ஜப்பானின் பிற கார்ட்டூன் குடும்பங்களோடு வைத்துப் பார்த்தால் அதன் தனித்தன்மை தெரியும். 1969 முதல் ஒளிபரப்பாகும் ‘சசாயே-சான்’ ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறையை வைத்திருக்கிறது. எழுபதுகளின் ஷிமிசு நகரைக் காட்டும் ‘சிபி மாருகோ-சான்’ தொடரிலும் தாத்தா பாட்டி உடன் இருக்கிறார்கள். நோஹாரா வீட்டில் அந்தத் துணை இல்லை. ஹிரோஷியின் பெற்றோர் வடக்கே அகித்தாவில். மிசாயேவின் பெற்றோர் தெற்கே கியூஷூ தீவின் குமமோத்தோவில். நாட்டின் இரு கோடிகளிலிருந்து வந்த இருவர் நடுவில் சந்தித்து, உறவினர் யாருமில்லாத புறநகரில் வீடு போட்டிருக்கிறார்கள். தாத்தாக்கள் வந்தால் சண்டைதான். அகித்தாத் தாத்தா கின்னோசுகே பேரனின் அச்சு. குமமோத்தோத் தாத்தா யோஷிஜி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற விறைப்பான மனிதர். மிசாயேவின் தங்கை முசாயே வந்தால் விருந்தாளியாக வந்து, போகாமல் ஒட்டிக்கொள்வாள். சொந்த ஊரை விட்டு நகரத்துக்கு வந்து இருவராகக் குடும்பம் நடத்தும் யாருக்கும் இந்த வரவுகளின் மகிழ்ச்சியும் தலைவலியும் விளக்கமின்றிப் புரியும்.

2001-இல் அந்த வீடே எரிவாயு வெடிப்பில் தரைமட்டமானது. குடும்பம் ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பின் சிறு அறைக்குக் குடிபெயர்ந்தது. மாதக்கணக்கில் கதை அங்கேயே நடந்தது. ஒரு கார்ட்டூன் தன் மையமான வீட்டை இவ்வளவு காலம் இடித்துப்போட்டு வைப்பது அபூர்வம். அறை சுருங்கியது, அண்டை வீட்டார் மாறினார்கள். காலைப் பேருந்து மட்டும் அங்கேயும் தவறிக்கொண்டிருந்தது.

பாராட்டுக்கு நடுவே ஒதுக்க முடியாத உறுத்தல்களும் உண்டு. மிசாயே மகனின் பொட்டில் இரு முட்டிகளையும் வைத்துத் திருகுவதும், தலையில் புடைக்கக் குட்டுவதும் அன்று நகைச்சுவை. இன்று பிள்ளையை அடிப்பது. ஷின்னோசுகே வழியில் போகும் இளம்பெண்களிடம் வழிவது, ஹிரோஷி அதே பார்வையோடு மனைவியிடம் மாட்டிக்கொள்வது, மிசாயேவின் உடம்பைப் பற்றிய ஓயாத கிண்டல் ஆகியவையும் ஆண்களுக்கான வார இதழின் மிச்சங்கள். வீட்டு வேலை முழுவதும் ஒருத்தியின் தலையில் என்ற ஏற்பாட்டைத் தொடர் கேலி செய்கிறதே ஒழிய, கேள்வி கேட்பதில்லை. பிற்காலத் தொடரில் அடியும் அம்மண ஆட்டமும் வெகுவாகக் குறைந்தன. பழைய பகுதிகளைப் பார்ப்பவர், பெற்றோரின் களைப்பை உணரும் அதே கண்ணால் இவற்றையும் காண்கிறார். குடும்பத்தின் மீதான பற்று அதனால் குறைய வேண்டியதில்லை. சொந்தக் குடும்பத்தின் பழைய வழக்கங்களையும் மனிதர்கள் அப்படித்தான் மதிப்பிடுகிறார்கள்.

கசுகாபே நகரம் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2004-இல் நோஹாரா குடும்பத்தை நகரவாசிகளாகச் சிறப்புப் பதிவு செய்தது. அந்த ஊரிலேயே வளர்ந்து வாழ்ந்த உசுயி, 2009 செப்டம்பரில் அராஃபுனே மலையில் நடந்த விபத்தில் 51 வயதில் இறந்தார். 2010-இல் அவருடைய உதவியாளர்கள் மங்காவைப் புதிய பெயரில் தொடர்ந்தார்கள். தொலைக்காட்சித் தொடர் நிற்கவில்லை. ஹிரோஷிக்குத் தொடக்கத்திலிருந்து குரல் கொடுத்த கெய்ஜி ஃபுஜிவாரா உடல்நலக் குறைவால் 2016-இல் விலக, தோஷியுகி மோரிகாவா அந்த இடத்துக்கு வந்தார். ஃபுஜிவாரா 2020-இல் மறைந்தார். ஷின்னோசுகேயாகப் பேசிய அக்கிகோ யாஜிமா 2018-இல் விடைபெற்று, யூமிகோ கோபயாஷியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1992-இல் மிசாயேவாகப் பேசத் தொடங்கிய மிக்கி நராஹாஷி, கணவனின் குரலும் மகனின் குரலும் மாறிய பிறகும் அதே வேடத்தில் தொடர்ந்தார்.